துண்டு முறை (இலங்கைத் தோட்டத்துறை)

துண்டு முறை என்பது இலங்கையின் கோப்பி, தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் 19 ஆம் நூற்றாண்டிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடைமுறையில் இருந்த ஒரு கடன் மாற்று முறை ஆகும். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்ட தொழிலாளர்களின் கடன், "துண்டு" எனப்பட்ட ஒரு சீட்டின் மூலம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. கடனுடன் சேர்த்துத் தொழிலாளர்களும் மாற்றப்பட்டனர். சட்டப்படி மாத ஒப்பந்தத்தில் வேலை செய்த சுதந்திரத் தொழிலாளர்களான இவர்கள், நடைமுறையில் கடன் தீரும்வரை விலக முடியாத நிலையில் இருந்தனர். கடனோ பெரும்பாலும் தீர்வதில்லை. வழக்கறிஞரும் நீதிபதியுமாக இருந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோரின் முயற்சிகளாலும், இந்திய அரசின் அழுத்தத்தாலும் இம்முறை 1921 இல் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது.

பெயர்

தமிழில் துண்டு என்பது சிறு காகிதத்தைக் குறிக்கும். தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் தொழிலாளர் வழங்கிய இப்பெயரையே ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளும் அரசு அதிகாரிகளும் அப்படியே எடுத்தாண்டனர். இலங்கை அரசின் சட்டங்களிலும் அறிக்கைகளிலும் இச்சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றது. கங்காணி என்ற சொல்லும் இவ்வாறே தமிழிலிருந்து ஆங்கில நிருவாக மொழிக்குச் சென்றதாகும்.

பின்னணி

இலங்கையின் மலைநாட்டில் 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பிப் பயிர் பின்னர் அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இறப்பர்ச் செய்கையும் வேகமாக விரிவடைந்தது. இப்பயிர்களுக்கு வேண்டிய கூலியாட்கள் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து திரட்டப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், சேலம் ஆகிய மாவட்டங்களும் புதுக்கோட்டை சமத்தானமும் இவற்றுள் முக்கியமானவை. கரிவலம்வந்தநல்லூர் அமைந்துள்ள சங்கரன்கோவில் வட்டம் அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வறட்சி, நிலமின்மை, ஊர்க்கடன், சாதிக் கொடுமை ஆகியன மக்களைக் கடல் கடக்கத் தூண்டிய காரணங்களாகும்.

மொரீசியசு, நாத்தால், பிஜி முதலிய நாடுகளுக்கு இந்தியர்கள் பல ஆண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுச் சென்றனர். இலங்கைக்கு வந்தவர்கள் அவ்வாறு வரவில்லை. கங்காணி ஒருவர் தம் ஊருக்கும் அயலூர்களுக்கும் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி அழைத்து வந்தார். இதற்காகத் தோட்டத்துரையிடம் அவர் முன்பணம் பெற்றார். பயணச் செலவு, உணவு, ஊரில் இருந்த பழைய கடனை அடைப்பதற்கான தொகை ஆகியவை அம்முன்பணத்திலிருந்து செலவிடப்பட்டன.

தோட்ட முதலாளிகள் 1904 இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு ஆள் திரட்டும் அமைப்பு ஒன்றை நிறுவினர். தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ள தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதிக்கும் முகாம்கள் இயங்கின. 1901 ஆம் ஆண்டிலிருந்து தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்று ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்டது.

கங்காணியும் கணக்கும்

பெரிய கங்காணியின் கீழ் சில்லறைக் கங்காணிமார் பலர் இருந்தனர். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் கீழும் ஒரு சிறு குழு வேலை செய்தது. காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்கள் எண்ணப்பட்டனர். அன்றைய வேலைக்குக் கணக்கில் "பேர்" போடப்பட்டது. வேலை குறைந்ததாகக் கருதப்பட்டால் அரைப் பேர் மட்டுமே கிடைத்தது.

கங்காணியின் வருமானம் பல வழிகளில் வந்தது. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் சில சதம் "தலைக்காசு" அவருக்குக் கிடைத்தது. எனவே ஆட்களின் எண்ணிக்கையே அவரது செல்வமாக இருந்தது. அத்துடன் முன்பணத்தைப் பகிர்ந்தளிப்பவரும் கடன் கணக்கை வைத்திருப்பவரும் அவரே. பல தோட்டங்களில் தொழிலாளரின் ஊதியம் நேரடியாக அவர்கள் கைக்குச் செல்லாமல் கங்காணியின் வழியே சென்றது.

ஊதியத்திலிருந்து பின்வருவன கழிக்கப்படுவது வழக்கம்:

- தோட்டத்தில் வழங்கப்பட்ட அரிசியின் விலை
- கம்பளி முதலிய பொருட்களின் விலை
- முன்பணக் கடனுக்கான தவணை
- கங்காணியிடம் தனியாகப் பெற்ற கைமாற்று

இவ்வாறு கழித்த பின் எஞ்சுவது சிறு தொகையே. ஊதியம் உரிய காலத்தில் கொடுக்கப்படாமல் வாரக்கணக்கில் தாமதமாவதும் உண்டு. அந்த இடைவெளியில் உண்பதற்குத் தொழிலாளி மீண்டும் கடன் பெற்றார். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குத் தம் கணக்கைச் சரிபார்க்கும் வழி எதுவும் இருக்கவில்லை.

துண்டு செயற்பட்ட விதம்

ஒரு கங்காணி தம் குழுவுடன் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், முதல் தோட்டத்தின் துரையிடம் துண்டு கேட்பார். "இன்ன கங்காணியின் கீழ் உள்ள இத்தனை ஆட்களை, இவ்வளவு தொகை கிடைத்ததும் விடுவிப்பேன்" என்ற பொருளில் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அச்சீட்டை எடுத்துக்கொண்டு அயல் தோட்டங்களுக்குச் செல்வார். ஆள் தேவைப்படும் துரை அத்தொகையைச் செலுத்திக் குழுவை எடுத்துக் கொள்வார். அத்தொகை புதிய தோட்டத்தில் அக்குழுவின் கடனாகப் பதியப்படும்.

இதனை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைக் காணலாம். நாற்பது பேர் கொண்ட குழு ஒன்றின் கடன் 2000 ரூபாய் என்க. ஆளுக்குச் சராசரியாக 50 ரூபாய். இரண்டாவது தோட்டம் அந்த 2000 ரூபாயை முதல் தோட்டத்துக்குச் செலுத்துகிறது. கங்காணியைத் தன் பக்கம் இழுப்பதற்காக மேலும் 400 ரூபாய் அவருக்கு முன்பணமாகக் கொடுக்கிறது. இப்போது குழுவின் கடன் 2400 ரூபாய் ஆகிவிட்டது. ஆளுக்கு 60 ரூபாய். இந்த மாற்றத்தில் தொழிலாளி ஒருவர்கூட ஒரு சதமும் பெறவில்லை. ஆனால் ஒவ்வொருவரின் கடனும் 10 ரூபாய் கூடியிருக்கிறது.

இறப்பர்ச் செய்கை பெருகிய காலத்தில் ஆட்களுக்காகத் தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஆட்களுக்கான தேவை கூடும்போது கூலி உயர்வது இயல்பு. இங்கோ உயர்ந்தது கூலி அன்று. துண்டில் எழுதப்பட்ட தொகையே. போட்டியின் ஆதாயம் கங்காணிக்குச் சென்றது. அதன் சுமை தொழிலாளியின் மேல் ஏறியது. துண்டு முறையின் அடிப்படை அநீதி இதுவே எனலாம்.

இக்கடன்களின் பெருக்கம் முதலாளிகளுக்கும் கவலையளித்தது. கங்காணி தலைமறைவானால் முன்பணம் முழுவதும் இழப்பாகும். 1908 இல் அரசு நியமித்த தொழிலாளர் ஆணைக்குழு இப்பிரச்சினைகளை ஆராய்ந்தது. ஆயினும் துண்டு முறை தொடர்ந்தது.

சட்டமும் சிறைத் தண்டனையும்

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாகக் கருதியது. அறிவிப்பின்றி வேலையை விட்டுச் செல்லுதல், வேலை செய்ய மறுத்தல், கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க அதில் இடமிருந்தது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களைப் பற்றியதாகும்.

இச்சட்டங்களின்படி தொழிலாளி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். ஆனால் துண்டு இல்லாத ஆளை வேறு தோட்டம் சேர்த்துக் கொள்வதில்லை. துண்டு வேண்டுமாயின் கடனை அடைக்க வேண்டும். கடனை அடைக்க இயலாமல் ஓடிப்போனால் பிடியாணை பிறப்பிக்கப்படும். சட்டம் தந்த உரிமையைக் கடன் பறித்தது. கடனுக்குச் சிறை காவலாக நின்றது. சாதாரணக் கடனாளி ஒருவர் மீது உரிமையியல் வழக்கு மட்டுமே தொடரலாம் என்றிருக்க, தோட்டத் தொழிலாளி குற்றவாளியாக நடத்தப்பட்டார். பெண்களும் இச்சட்டங்களின் கீழ் தண்டனைக்கு உள்ளாயினர்.

சட்டம் முதலாளிக்கும் சில கடமைகளை விதித்திருந்தது. எனினும் மலைத் தோட்டத்திலிருந்து நீதிமன்றம் சென்று, ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கில் துரைக்கு எதிராக வாதாடுவது தொழிலாளிக்கு எளிதன்று.

பொன்னம்பலம் அருணாசலத்தின் பணி

பொன்னம்பலம் அருணாசலம் (செப்டம்பர் 14, 1853 - ஜனவரி 9, 1924) கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். 1875 இல் போட்டித் தேர்வின் மூலம் இலங்கைக் குடியியல் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர் இவரே. பல ஊர்களில் நீதிபதியாகப் பணியாற்றினார். பின்னர் பதிவாளர் நாயகமானார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி, அதன் விரிவான அறிக்கையை எழுதினார். இலங்கையின் குடியியல் சட்டத்தைத் தொகுத்து நூலொன்றும் வெளியிட்டார். 1913 இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டில் சேர் பட்டம் பெற்றார்.

நீதிமன்றம், பதிவேடு, மக்கட்தொகைக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெற்ற பட்டறிவு ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது. தொழிலாளர் சட்டங்களின் வாசகத்தையும், அவை நடைமுறையில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதையும் அறியும் வாய்ப்பு அருணாசலத்துக்கு இருந்தது. ஓய்வுக்குப் பின் இவர் தொடங்கிய பொதுப்பணிகளில் தொழிலாளர் நலன் முக்கிய இடம் பெற்றது.

ஜனவரி 29, 1915 இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை நிறுவினார். நகர ஏழைகளின் கல்வி, மருத்துவம், வீட்டு வசதி ஆகியவற்றில் இது கவனம் செலுத்தியது. ஜூன் 25, 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளரை ஒப்பந்த மீறலுக்காகச் சிறையிடும் சட்டங்களை நீக்க வேண்டும் என்பது இச்சங்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாகும். வழக்கறிஞரான பெரி சுந்தரம் இப்பணியில் அருணாசலத்துடன் இணைந்து செயற்பட்டார். இவர் பின்னர் 1931 முதல் 1936 வரை இலங்கையின் தொழில் அமைச்சராகப் பதவி வகித்தார். 1920 இல் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

1919 டிசம்பரில் தொடங்கப்பட்ட இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் அருணாசலமே. அக்காலத் தலைவர்களுள் பலர் வாக்குரிமை, சட்டசபைப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றோடு நின்றுவிட்டனர். சிலர் தாமே தோட்ட உடைமையாளராக இருந்தனர். இச்சூழலில் தொழிலாளர் சட்டத்தை அரசியல் பிரச்சினையாக முன்வைத்தமை குறிப்பிடத்தக்கது. எனினும் சங்கத்தின் பணி மனுக்கள், கூட்டங்கள், சட்ட வாதங்கள் என்ற எல்லைக்குள் அமைந்திருந்தது. தோட்டங்களுக்குள் தொழிலாளரையே உறுப்பினராகக் கொண்ட தொழிற்சங்கம் அக்காலத்தில் உருவாகவில்லை.

இந்திய அரசின் பங்கு

கடல் கடந்த இந்தியத் தொழிலாளரின் நிலை அக்காலத்தில் இந்தியாவில் பெரும் கிளர்ச்சிக்கு உரிய பொருளாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த மோகன்தாஸ் காந்தி, ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண் வரியை எதிர்த்துப் போராடினார். தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் பங்கேற்ற அப்போராட்டத்தின் விளைவாக 1914 இல் அவ்வரி நீக்கப்பட்டது. 1917 இல் இந்திய அரசு ஒப்பந்தக் கூலிமுறையில் ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரியில் இரத்தாயின.

இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்ற தொழிலாளரின் நிலையை மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் ஆராய்ந்து 1917 இல் அறிக்கை அளித்தனர். இலங்கைத் தோட்டங்கள் முழுவதும் இந்திய ஆட்களையே நம்பியிருந்தன. ஆகவே இந்தியா குடிபெயர்வைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் என்ற அச்சம், இலங்கை அரசையும் தோட்ட முதலாளிகளையும் சீர்திருத்தத்துக்கு இணங்கச் செய்தது. அச்சட்டம் 1922 இல் இந்தியாவில் நிறைவேறியது. 1923 முதல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் பணியாற்றினார்.

ஒழிப்பு

துண்டு வழங்குவது 1921 இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஒப்பந்த மீறலுக்காகத் தோட்டத் தொழிலாளரைச் சிறையிடும் விதிகளும் 1920களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. இவ்விரண்டும் சேர்ந்தே பயன் தந்தன எனலாம். துண்டு மட்டும் ஒழிந்து சிறை நீடித்திருந்தால், கடன் வேறொரு சீட்டின் வடிவில் திரும்பி வந்திருக்கும்.

அருணாசலம் இம்மாற்றங்களைக் கண்ட பின், இந்தியாவில் தலயாத்திரை மேற்கொண்டிருந்தபோது மதுரையில் காலமானார்.

குறைந்தபட்சக் கூலி

கடன் சீட்டு ஒழிந்தாலும் கூலியின் அளவு முதலாளிகளின் விருப்பத்தையே சார்ந்திருந்தது. இந்திய அரசுடன் நடந்த பேச்சுவார்த்தைகளின் பின், 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இதன்கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி பின்வருமாறு:

- மலைநாடு: ஆண் 54 சதம், பெண் 43 சதம், சிறுவர் 32 சதம்
- நடுநாடு: ஆண் 52 சதம், பெண் 41 சதம், சிறுவர் 31 சதம்
- தாழ்நாடு: ஆண் 50 சதம், பெண் 40 சதம், சிறுவர் 30 சதம்

கொழுந்து பறிப்போரில் பெரும்பான்மையோர் பெண்களாக இருந்தும் அவர்களுக்குக் குறைந்த கூலியே சட்டமாக்கப்பட்டது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தின்போது இக்கூலியும் குறைக்கப்பட்டது. தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாருக்கும் சமமான நாட்கூலி 1984 இலேயே கிடைத்தது.

கங்காணியின் செல்வாக்கும் உடனே மறையவில்லை. தஞ்சாவூரைச் சேர்ந்த இதழாளர் கோ. நடேசய்யர் 1920களில் இலங்கையில் குடியேறி, கங்காணி முறையை எதிர்த்துத் தமிழில் எழுதியும் பேசியும் வந்தார். 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அருணாசலம் சட்டசபைக்கு வெளியே வாதாடியவற்றை, நடேசய்யர் தோட்டங்களுக்குள்ளேயே கொண்டுசென்றார்.

பிற்கால ஒப்பீடு

முன்பணத்தால் உழைப்பாளியைக் கட்டிப்போடுவது இலங்கைத் தோட்டங்களோடு முடிந்துவிடவில்லை. இந்தியாவில் 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்காக வேறிடம் சென்று வேலை செய்யும் உரிமையை இழப்பதையும் கொத்தடிமையின் ஓர் அடையாளமாகக் கொண்டது. இது துண்டு முறையின் தன்மையோடு ஒத்திருப்பதைக் காணலாம்.

செப்டம்பர் 18, 1982 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. தில்லியில் அத்தொழிலாளர்களுக்கு உரிய 9 ரூபாய் 25 காசு நாட்கூலியில், ஆள் கொண்டுவந்த தரகர்கள் ஒரு ரூபாயைக் கழித்துக் கொண்டனர் என்பது அவ்வழக்கில் எழுந்த முறையீடுகளுள் ஒன்று. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது, அரசியலமைப்பின் 23 ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் கூறியது. பசியும் வறுமையும் ஒருவரை வேறு வழியின்றி உழைக்கச் செய்தால் அதுவும் கட்டாயமே என்பது இத்தீர்ப்பின் சாரம். மேல்நாட்டுப் பொருளியல் நூல்களில் "சுதந்திரத் தொழிலாளி" என்று குறிக்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நிலையை விளங்கிக்கொள்ள இக்கருத்து துணைபுரிகிறது.

மதிப்பீடு

துண்டு முறையில் கூலி மறுக்கப்படவில்லை. கணக்கில் அது எழுதப்பட்டே வந்தது. எழுதப்பட்ட கூலி தொழிலாளியின் கைக்கு வருவதற்குள் கரைந்துவிட்டது. ஆகவே கூலியை உயர்த்துவதற்கு முன், கூலி கொடுக்கப்படும் வழியையும் அதற்குத் துணைநின்ற தண்டனைச் சட்டத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் சிறைத் தண்டனையை முதலில் எதிர்த்தமைக்கு இதுவே பொருத்தமான விளக்கமாகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து சென்று மலையகத்தில் நிலைத்துவிட்ட மக்களின் வரலாற்றில், 1921 ஆம் ஆண்டு ஒரு காகிதத் துண்டின் பிடியிலிருந்து அவர்கள் விடுபட்ட ஆண்டாக நினைவுகூரத் தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

- பொன்னம்பலம் அருணாசலம்
- கங்காணி முறை
- கோ. நடேசய்யர்
- மலையகத் தமிழர்
- கொத்தடிமை முறை